போரிஸ் சுவாரீன்: பொதுவுடைமையிலிருந்து பொதுவுடைமை எதிர்ப்புக்கு – ஓர் அறிவாளர் வாழ்வின் மூன்று விலகல்கள்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவராகவும், மூன்றாம் அகிலத்தின் தலைமைக் குழுக்களில் இடம்பெற்றவராகவும் விளங்கிய போரிஸ் சுவாரீன் (1895–1984), பிற்காலத்தில் பொதுவுடைமை எதிர்ப்பாளராக அறியப்பட்டார். இம்மாற்றத்தை ஒற்றை நிகழ்வாகக் கொண்டு, ‘துரோகம்’ என்றோ ‘தெளிவு’ என்றோ பெயரிடுவது வழக்கமாக உள்ளது. அவர்தம் வாழ்வைக் கால வரிசையில் நோக்கின், கட்சி, எதிரணி, கொள்கை ஆகிய மூன்றிலிருந்தும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்களால் அவர் விலகியமை புலனாகிறது. மூன்று விலகல்களுக்கும் அடிப்படையாக அமைந்தது ஆவணச் சான்றின் மீது அவர் கொண்டிருந்த பற்று என்பதனை இக்கட்டுரை விளக்குகிறது. அப்பற்றின் எல்லைகளையும் இது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சுவாரீன், மூன்றாம் அகிலம், ஸ்டாலின் வாழ்க்கை வரலாறு, மூலச்சான்று, கொள்கை விலகல், பிரெஞ்சு அறிவாளர்.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிவாளர் வரலாற்றில் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து பின் விலகியோர் பலர். அவர்தம் விலகலைப் பற்றிய எழுத்துகள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. 1936-இல் ஆந்த்ரே ஜீத் வெளியிட்ட சோவியத் பயண நூலும், 1949-இல் ஆர்தர் கோஸ்லர், இக்னாசியோ சிலோனே, ரிச்சர்டு ரைட் முதலிய அறுவர் எழுத்துகளுடன் வெளிவந்த ‘தோற்றுப்போன கடவுள்’ என்னும் தொகுப்பும் இவ்வகைக்குத் தக்க சான்றுகள். நம்பியதும் நம்பிக்கை தகர்ந்ததும் பற்றிய மன அனுபவமே இவற்றின் மையப் பொருள். சமய இலக்கியத்தில் காணப்பெறும் மனமாற்ற வரலாறுகளோடு இவை ஒப்பிடத்தக்கன.

சுவாரீனின் நிலை இவர்களினின்றும் வேறுபட்டது. அவர் தம் மனப் போராட்டத்தை விவரித்து ஒரு நூல் எழுதினாரல்லர். அவர் எழுதிய பெருநூல் பிறிதொருவரின் வாழ்க்கை வரலாறு. தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக்கூட இயக்கத்தின் வரலாற்றுக்குள் வைத்தே சொன்னார். ஆதலின் அவர் ஏன் மாறினார் என்னும் வினாவுக்கு விடை காண, அவர் சென்ற பாதையையும் கையாண்ட எழுத்து முறையையும் ஒருங்கே ஆராய வேண்டியுள்ளது.

இளமையும் புனைபெயரும்

சுவாரீனின் இயற்பெயர் போரிஸ் லிஃப்ஷிட்ஸ். 1895-இல், அன்று உருசியப் பேரரசின் பகுதியாக இருந்த கீவ் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1897-இல் குடும்பம் பாரிசில் குடியேறியது. 1906-இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றது. உயர்கல்வி பெறும் வாய்ப்பின்றி இளவயதிலேயே தொழில் கற்கச் சென்ற அவர், தம் அறிவைப் பெரிதும் தாமே தேடிக்கொண்டவர். உருசியம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளிலும் பெற்றிருந்த பயிற்சி பிற்காலத்தில் அவருடைய தலையாய கருவியாயிற்று. உருசியச் செய்தித்தாள்களையும் கட்சி மாநாட்டு நடவடிக்கைக் குறிப்புகளையும் மூலத்திலேயே படிக்க வல்ல பிரெஞ்சு இடதுசாரிகள் அன்று மிகச் சிலரே.

முதல் உலகப் போர் அவரைச் சோசலிச இயக்கத்தை நோக்கித் தள்ளியது. 1915-இல் அவருடைய உடன்பிறந்தார் போர்முனையில் மாண்டார். போரெதிர்ப்பாளர்களின் ஏடான ‘லெ போப்புலேர்’ இதழில் அவர் எழுதத் தொடங்கினார். அப்போது அவர் சூடிய புனைபெயரே ‘சுவாரீன்’. எமில் ஸோலாவின் ‘ஜெர்மினால்’ (1885) புதினத்தில் வரும் உருசிய அரசின்மைவாதியின் பெயர் அது. சுரங்கத்தைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்து செல்லும் பாத்திரம் அது. இருபது வயது இளைஞர் ஒருவர் போர்க்காலச் சினத்தில் தேர்ந்த அப்பெயர், அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

1916-இன் இறுதியில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த உருசியப் புரட்சியாளர்களை நோக்கி அவர் எழுதிய கட்டுரைக்கு லெனினே விரிவான மறுமொழி எழுதினார். ‘போரிஸ் சுவாரீனுக்குத் திறந்த மடல்’ எனப் பெயர்பெற்ற அது 1918-இல் அச்சேறியது. பொதுவுடைமை இயக்க வரலாற்றில் சுவாரீனின் பெயர் முதன்முதல் இடம்பெற்றது லெனினோடு கருத்து மாறுபட்டவர் என்னும் முறையிலேயே என்பது கருதத்தக்கது.

கட்சியின் தோற்றமும் அகிலத் தலைமையும்

1917 அக்டோபர்ப் புரட்சி சுவாரீனை முழுமையாக ஆட்கொண்டது. மூன்றாம் அகிலத்தில் பிரெஞ்சுச் சோசலிசக் கட்சி இணைய வேண்டும் என வற்புறுத்திய குழுவில் ஃபெர்நான் லொரியோ, பியேர் மொனாத் முதலியோருடன் அவரும் முன்னின்றார். 1920 மார்ச்சில் ‘புல்த்தேன் கொம்யூனிஸ்த்’ என்னும் இதழைத் தொடங்கினார். அவ்வாண்டு மே மாதத்தில், இரயில்வே வேலைநிறுத்தத்தை ஒட்டி, அரசுக்கு எதிரான சதிக் குற்றச்சாட்டில் மூவரும் கைது செய்யப்பட்டனர்.

1920 டிசம்பரில் தூர் நகரில் சோசலிசக் கட்சி மாநாடு கூடியபோது சுவாரீன் பாரிசின் சாந்தே சிறையில் இருந்தார். அம்மாநாட்டில் பெரும்பான்மை பெற்று, பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சி தோன்றக் காரணமாயிருந்த தீர்மானத்தை உருவாக்கியதில் அவருக்கு முதன்மையான பங்கு உண்டு. கட்சி பிறந்த அவையில் இல்லாத ஒருவர் அதன் பிறப்பு ஆவணத்தை எழுதியோருள் ஒருவராக அமைந்தார்.

1921-இல் விடுதலையானதும் அவர் மாஸ்கோ சென்றார். அகிலத்தின் மூன்றாம் மாநாட்டில் கலந்துகொண்டு, அதன் செயற்குழுவிலும் தலைமைக் குழுவிலும் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு கூட நிறையவில்லை. அடுத்த மூன்றாண்டுகள் மாஸ்கோவுக்கும் பாரிசுக்கும் இடையே அவர் இயங்கினார். அகிலத்தின் கட்டளைகளைப் பிரெஞ்சுக் கட்சி ஏற்கச் செய்வதில் அவர் காட்டிய கண்டிப்பு பலரைப் பகைக்கச் செய்தது. பிற்காலத்தில் தாம் எதிர்த்த மையப்படுத்தப்பட்ட ஒழுங்குமுறையைத் தொடக்கத்தில் நடைமுறைப்படுத்தியோருள் அவரும் ஒருவர் என்பதை மறத்தலாகாது.

முதல் விலகல்: கட்சியிலிருந்து (1924)

1924 சனவரியில் லெனின் மறைந்தார். அதற்கு முன்னரே உருசியக் கட்சிக்குள் டிராட்ஸ்கிக்கும், ஸ்டாலின், சினோவியேவ், காமெனேவ் ஆகிய மூவர் அணிக்கும் இடையே பூசல் முற்றியிருந்தது. அயல்நாட்டுக் கட்சிகள் டிராட்ஸ்கியைக் கண்டிக்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. சுவாரீன் மறுத்தார். டிராட்ஸ்கியின் ‘புதிய பாதை’ என்னும் நூலைப் பிரெஞ்சில் தம் முன்னுரையுடன் வெளியிட்டார். 1924 மே மாதம் நடைபெற்ற உருசியக் கட்சியின் பதின்மூன்றாம் மாநாட்டிலும் டிராட்ஸ்கிக்காகப் பேசினார். அவ்வாண்டு சூலையில் கட்சியினின்றும் அகிலத்தினின்றும் நீக்கப்பட்டார்.

இந்நிலையில் சுவாரீன் டிராட்ஸ்கியின் கொள்கைகளை முழுமையாக ஏற்றவர் அல்லர். ஒருவர் கூறாததைக் கூறியதாகச் சொல்லி அவரைக் கண்டிப்பது தகாது என்பதே அவர்தம் நிலைப்பாடு. பிரெஞ்சு வாசகர் டிராட்ஸ்கியைக் கண்டிப்பதாயினும் அவர் எழுதியதைப் படித்தபின் கண்டிக்கட்டும் என்பதே அவ்வெளியீட்டின் நோக்கமாக இருந்தது. எனவே முதல் விலகலின் காரணம் கொள்கை வேறுபாட்டினும் மூலத்தை மறைப்பதற்கு உடன்படாமையே எனலாம்.

இதனை அடுத்து நிகழ்ந்த ஒன்று மேலும் தெளிவாக்குகிறது. ஸ்டாலினைப் பொதுச்செயலர் பதவியிலிருந்து அகற்றப் பரிந்துரைத்த லெனினின் இறுதிக் குறிப்புகள் உருசியக் கட்சியால் வெளியிடப்படாமல் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் மாக்ஸ் ஈஸ்ட்மன் 1925-இல் ஒரு நூலில் எழுதியபோது, கட்சியின் நெருக்குதலுக்கு உட்பட்டு டிராட்ஸ்கியே அச்செய்தியை மறுத்து அறிக்கை விடுத்தார். 1926 அக்டோபரில் அக்குறிப்புகளின் வாசகம் ஈஸ்ட்மன் வழியாக ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டில் வெளிவந்தது. அவ்வாசகம் மேலைநாட்டை எட்டியதில் சுவாரீனுக்குப் பங்கிருந்தது. எவருக்காகத் தம் பதவியை இழந்தாரோ அவரே உண்மையை மறுக்க நேர்ந்த சூழலிலும், ஆவணத்தை வெளிக்கொணரும் பணியை அவர் கைவிடவில்லை.

இரண்டாம் விலகல்: எதிரணியிலிருந்து (1929)

1925-இன் தொடக்கத்தில் பாரிசு திரும்பிய சுவாரீன், தம் இதழை மீண்டும் நடத்தினார். 1926-இல் ‘மார்க்ஸ்–லெனின் பொதுவுடைமை வட்டம்’ என்னும் சிறு அமைப்பை உருவாக்கினார். 1930-இல் அது ‘சனநாயகப் பொதுவுடைமை வட்டம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘லெனின்’ என்னும் பெயர் நீங்கிச் ‘சனநாயகம்’ என்னும் சொல் நுழைந்த இப்பெயர் மாற்றம் அவர்தம் சிந்தனை நகர்ந்த திசையைக் காட்டுகிறது. ‘பொதுவுடைமை’ என்னும் சொல் இன்னும் நீங்கவில்லை என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

1929-இல் சோவியத் நாட்டினின்றும் டிராட்ஸ்கி வெளியேற்றப்பட்டபோது, மேலைநாட்டு எதிரணியினர் அவர் தலைமையில் ஒன்றுபடுவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கடிதப் போக்குவரத்து வாயிலாக இருவர்க்கும் இடையே முறிவு ஏற்பட்டது. சீர்குலைந்த நிலையிலும் சோவியத் ஒன்றியம் தொழிலாளர் அரசே என்பது டிராட்ஸ்கியின் கருத்து. தொழிலாளர்க்கு உரிமை ஏதுமற்ற ஓர் அரசைத் தொழிலாளர் அரசு என்பது சொல்லை அதன் பொருளிலிருந்து பிரிப்பதாகும் எனச் சுவாரீன் கருதினார். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே விழுந்த இப்பிளவே அவருடைய எழுத்துகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் கருத்து. சோவியத் ஒன்றியத்தின் முழுப்பெயரில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றும் நடைமுறைக்கு மாறானவை என்று பின்னர் அவர் வாதிட்டதும் இதன் தொடர்ச்சியே.

இதே 1929-இல் உருமேனிய எழுத்தாளர் பனாய்த் இஸ்த்ராத்தி தம் சோவியத் அனுபவங்களை மூன்று தொகுதிகளாகப் பாரிசில் வெளியிட்டார். முதல் தொகுதியே அவர் எழுதியது. இரண்டாவதை விக்டர் செர்ஜும், மூன்றாவதைச் சுவாரீனும் எழுதினர். மூன்றும் இஸ்த்ராத்தியின் பெயரிலேயே வந்தன. முதல் தொகுதி உணர்ச்சி மிக்க சான்றுரை. சுவாரீன் எழுதிய தொகுதியோ சோவியத் அச்சேடுகளிலிருந்தே திரட்டிய செய்திகளையும் புள்ளிவிவரங்களையும் அடுக்கிச் செல்வது. ஒரே பெயரின் கீழ் வந்த இவ்விரு தொகுதிகளும் விலகல் எழுத்தின் இருவேறு முறைகளை அருகருகே காட்டுகின்றன.

‘லா கிரிட்டிக் சோசியால்’ இதழ்

1931 மார்ச்சு முதல் 1934 மார்ச்சு வரை பதினொரு இதழ்களே வெளிவந்த ‘லா கிரிட்டிக் சோசியால்’ (சமூகத் திறனாய்வு), சுவாரீனின் அறிவுப் பணியில் சிறப்பிடம் பெறுவது. அவருடைய துணைவியாக அந்நாளில் வாழ்ந்த கொலெத் பெஞ்ஞோ அதற்குப் பொருளுதவி செய்தார். ஜார்ஜ் பத்தாய், ரேமோன் கெனோ, மிஷெல் லெய்ரிஸ், சிமோன் வெய் முதலியோர் அதில் எழுதினர். பிரெஞ்சுச் சிந்தனை வரலாற்றில் பின்னர்ப் பெரிதும் பேசப்பட்ட பத்தாயின் ‘செலவழித்தல் என்னும் கருத்தாக்கம்’ (1933) என்னும் கட்டுரை இவ்விதழிலேயே வெளிவந்தது.

நூல் மதிப்புரைகளே அவ்விதழில் பேரிடம் பெற்றன. பொருளியல், உளவியல், இனவரைவியல், இலக்கியம் எனப் பல துறை நூல்களும் அங்கு மதிப்பிடப்பட்டன. மார்க்சிய ஆவணங்களைத் தொகுத்துப் பதிப்பித்த மாஸ்கோ மார்க்ஸ்–எங்கெல்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் தவீத் ரியாசானோவ் 1931-இல் கைதானபோது, சுவாரீன் அவ்விதழில் கடுமையாக எதிர்த்து எழுதினார். ரியாசானோவ் அவருடைய நண்பர். பாரிசில் அந்நிறுவனத்துக்காக நூல்களையும் ஆவணங்களையும் தேடித் தந்தவர் சுவாரீன். மார்க்சின் எழுத்துகளைப் பிழையறப் பதிப்பித்த அறிஞரை மார்க்சின் பெயரால் ஆளும் அரசே சிறையிலிட்ட நிகழ்வு, அவருக்கு அவ்வரசின் தன்மையை உணர்த்தும் சான்றாயிற்று. ரியாசானோவ் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

‘ஸ்டாலின்’ (1935): வாழ்க்கை வரலாறும் மூலச்சான்று ஆய்வும்

சுவாரீனின் தலைசிறந்த படைப்பு ‘ஸ்டாலின்: போல்ஷெவியத்தின் வரலாற்று நோக்கு’ என்னும் பெருநூல். கலிமார் பதிப்பகம் ஏற்காத நிலையில், 1935-இல் ப்ளோன் பதிப்பகம் அதனை வெளியிட்டது. டிரினிடாடைச் சேர்ந்த சிந்தனையாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939-இல் வெளிவந்தது.

இந்நூலை எழுதப் புகுந்தபோது அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு தனித்தன்மை வாய்ந்தது. தன் கடந்த காலத்தைத் தானே திருத்தி எழுதிக்கொண்டிருக்கும் ஆட்சியாளர் ஒருவரின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது? சோவியத் ஆவணக் காப்பகங்கள் அவருக்கு மூடப்பட்டிருந்தன. அவர் கையில் இருந்தவை அச்சில் வந்த ஏடுகள், மாநாட்டு நடவடிக்கைக் குறிப்புகள், நினைவுக் குறிப்புகள், புள்ளிவிவர அறிக்கைகள் ஆகியனவே. பல்வேறு ஆண்டுகளில் வெளிவந்த அதிகாரப்பூர்வ வெளியீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கு எது சேர்க்கப்பட்டது, எங்கு எது நீக்கப்பட்டது என்று காண்பதே அவர் மேற்கொண்ட வழி.

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இம்முறை புதிதன்று. பாட வேறுபாடுகளைத் தொகுத்துக் காட்டி, இடைச்செருகலை இனங்காணும் பதிப்பாசிரியரின் பணியே இது. வேறுபாடு ஒன்றுண்டு. ஏடெழுதுவோரின் கைப்பிழையாலும் காலப் பழமையாலும் பாடம் திரிவது சுவடி மரபு. சுவாரீன் எதிர்கொண்ட திரிபுகளோ ஆட்சியின் ஆணையால் ஒருவர் வாழ்நாளுக்குள்ளேயே நிகழ்ந்தவை. ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 1918 நவம்பர் 6 அன்று ‘பிராவ்தா’ நாளேட்டில், அக்டோபர் எழுச்சியின் நடைமுறை ஏற்பாடுகள் டிராட்ஸ்கியின் நேரடித் தலைமையில் நடந்தன என ஸ்டாலினே எழுதியிருந்தார். 1924-இல் டிராட்ஸ்கிக்குத் தனிப் பங்கு ஏதுமில்லை என அவரே கூறினார். பின்னர்த் தொகுக்கப்பட்ட ஸ்டாலின் படைப்புகளில் முதற்கட்டுரையின் அப்பகுதி இடம்பெறவில்லை. பழைய நாளேட்டைப் பாதுகாத்து வைத்திருப்பவரே இங்கு வரலாற்றாசிரியர் ஆகிறார்.

நூலின் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. முற்பகுதியில் ஸ்டாலின் அரிதாகவே தென்படுகிறார்; உருசியப் புரட்சி இயக்கத்தின் வரலாறே விரிகிறது. இயக்கத்தின் தொடக்கத்தில் சிறு இடமே பெற்றிருந்த ஒருவர், கட்சியின் நிருவாகப் பொறியைக் கைக்கொண்டு எவ்வாறு அதன் முழுத் தலைவரானார் என்பதனை அவ்வமைப்பே புலப்படுத்துகிறது. ஸ்டாலினின் கொடுமையை அவர்தம் தனிக்குணத்தால் மட்டும் விளக்காமல், ஒரே கட்சி ஆட்சி, கட்சிக்குள் மாற்றுக் கருத்துக்குத் தடை, அலுவலர் குழுவின் வளர்ச்சி ஆகிய காரணங்களால் விளக்குகிறார். இவற்றின் தொடக்கம் லெனின் காலத்திலேயே உள்ளது என்பதும் நூலின் முடிபுகளுள் ஒன்று. தாம் போற்றிய தலைவரின் காலத்தையும், தாம் பொறுப்பு வகித்த ஆண்டுகளையும் அவர் விசாரணைக்கு உட்படுத்தினார் என்பதே இதன் பொருள்.

மாஸ்கோ வழக்குகள் 1936 ஆகஸ்டில் தொடங்கின. அவ்வாண்டு நவம்பரில், ஆம்ஸ்டர்டாம் சமூக வரலாற்று நிறுவனத்தின் பாரிசுக் கிளையிலிருந்து டிராட்ஸ்கியின் ஆவணங்கள் சோவியத் உளவுத்துறையினரால் களவாடப்பட்டன. போரிஸ் நிக்கோலயேவ்ஸ்கியோடு சுவாரீனும் அக்கிளையில் பணியாற்றி வந்தார். ஆவணத்தைக் காத்தல் உயிரைப் பணயம் வைக்கும் பணியாயிருந்த காலம் அது. 1939 மே மாதம் ‘லெ ஃபிகாரோ’ நாளேட்டில், ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்பாடு காணக்கூடும் எனச் சுவாரீன் எச்சரித்தார். ஆகஸ்டு 23 அன்று அவ்வுடன்பாடு கையெழுத்தாயிற்று. சோவியத் ஏடுகளை இடைவிடாது படித்து வந்த பழக்கமே இம்முன்கணிப்புக்கு அடிப்படை.

மூன்றாம் விலகல்: கொள்கையிலிருந்து

மூன்றாம் விலகலுக்கு முன்னிரண்டைப் போல் ஆண்டு குறிக்க இயலாது. 1934-இல் சனநாயகப் பொதுவுடைமை வட்டம் கலைந்த பின், எந்தக் கட்சியும் குழுவும் சாராதவராக அவர் எழுதினார். 1940-இல் மர்சேய் நகரில் விஷி ஆட்சியினரால் கைது செய்யப்பட்டு, விடுபட்டு, 1941-இல் அமெரிக்கா சென்றார். போர் முடிந்து பிரான்சு திரும்பியபோது அரசியல் சூழல் முற்றிலும் மாறியிருந்தது. 1946 நவம்பர்த் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி ஏறத்தாழ 28 விழுக்காடு வாக்குப் பெற்று நாட்டின் முதற்பெருங்கட்சியாயிற்று. நாசி எதிர்ப்புப் போராட்டத்தில் அக்கட்சியினர் புரிந்த தியாகமும், ஸ்டாலின்கிராடு வெற்றியும் அதற்குப் பெருமதிப்பை ஈட்டித் தந்தன. அந்நிலையில் சுவாரீனின் குரலைக் கேட்போர் அருகினர்.

இக்காலத்தில் அவர் வெளிப்படையான பொதுவுடைமை எதிர்ப்பாளராகச் செயற்பட்டார். 1949-இல் தொடங்கிப் பின்னர் ‘கிழக்கும் மேற்கும்’ எனப் பெயர் பெற்ற செய்தி மடலில் எழுதினார். 1954-இல் சமூக வரலாற்று நிறுவனத்தைப் புதிதாக நிலைநிறுத்துவதில் முன்னின்றார். 1957 முதல் 1968 வரை ‘லெ கோந்த்ரா சோசியால்’ (சமூக ஒப்பந்தம்) என்னும் இதழை நடத்தினார். ரூசோவின் நூற்பெயரைத் தாங்கிய அவ்விதழின் தலைப்பில் மார்க்சுக்கு முற்பட்ட சிந்தனை மரபுக்குத் திரும்பும் குறிப்பு உள்ளது.

இக்காலப் பணியின் மீது எழும் கடுமையான வினா ஒன்றுண்டு. மேற்குறித்த செய்தி மடலின் மூலவரான ஜார்ஜ் அல்பெர்த்தினி, நாசி ஆக்கிரமிப்பின்போது மர்செல் தெயாவின் ஒத்துழைப்புக் கட்சியில் பொதுச்செயலராக இருந்து, விடுதலைக்குப் பின் தண்டனை பெற்றவர். யூதராகப் பிறந்து, விஷி ஆட்சியால் கைதாகி நாட்டைவிட்டு நீங்கிய சுவாரீன், அத்தகையவருடன் ஒரே பணியில் இணைந்தார். ஒரு பொய்யை எதிர்க்கும் வேட்கையில் பிறிதொரு பொய்க்குத் துணைபோனவரின் கடந்த காலத்தைப் பாராதிருத்தல் தகுமா என்னும் வினாவுக்குச் சுவாரீனின் எழுத்துகளில் நிறைவளிக்கும் விடை காணப்பெறவில்லை. ஆவணங்களின்பால் அவர் காட்டிய கண்டிப்பு, தோழமையைத் தேர்வதில் தளர்ந்தது.

பிறிதொரு குறையும் சுட்டத்தக்கது. 1983-இல் ‘லா கிரிட்டிக் சோசியால்’ மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், பத்தாய் ஹிட்லரால் கவரப்பட்டவர் என அவர் குற்றம் சாட்டினார். பாசிசத்தின் உளவியல் அமைப்பைப் பகுத்தாராய்ந்த பத்தாயின் கட்டுரை அதே இதழில்தான் வெளிவந்தது. 1934-இல் கொலெத் பெஞ்ஞோ தம்மை விட்டுப் பத்தாயோடு சென்ற துயரம் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வெழுத்தில் கலந்திருத்தல் கூடும். சான்றைப் போற்றியவரின் எழுத்திலும் சான்று வலுவிழக்கும் இடம் உண்டு.

இதற்கு நேர் மாறான நிகழ்வு ஒன்றும் அவர்தம் முதுமையிலேயே உள்ளது. 1970-களில் சொல்ஷெனிட்சினின் எழுத்துகள் பிரெஞ்சு அறிவுலகை உலுக்கின. சுவாரீன் நாற்பதாண்டுகளாகச் சொல்லி வந்தவற்றை உலகம் கேட்கத் தொடங்கிய தருணம் அது. ஆயினும் ‘சூரிக்கில் லெனின்’ என்னும் நூலில் லெனினைச் செருமனியின் பணத்துக்கு ஆட்பட்டவராகச் சித்திரித்த முறையை 1976-இல் அவர் மறுத்து எழுதினார். ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகத் தம்மைத் துரோகி என்றழைத்த இயக்கத்தின் நிறுவனரை, தம் பக்கத்தைச் சேர்ந்தவராகக் கருதப்பட்ட பெரும் எழுத்தாளரிடமிருந்து காக்க அவர் முன்வந்தார். லெனினின் ஆட்சிமுறையை மன்னிப்பது அவர் கருத்தன்று. நிறுவப்படாத குற்றத்தை எவர் மீதும் சுமத்தலாகாது என்பதே அவர் கொண்ட நிலை. 1924-இல் டிராட்ஸ்கிக்காக அவர் எழுப்பிய குரலும் இதுவே.

‘மாற்றம்’ என்னும் சொல் குறித்து

மேற்கண்டவற்றை ஒருங்கு நோக்கின், சுவாரீனின் வாழ்வை ‘மாறினார்’ என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்குதல் அரிது. 1924-இல் கட்சி அவரை விலக்கியது; அவர் பொதுவுடைமையை விலக்கவில்லை. 1929-இல் டிராட்ஸ்கியிடமிருந்து பிரிந்தார். அப்போதும் தம்மைப் பொதுவுடைமையராகவே எண்ணினார். பின்னரே அக்கொள்கையினின்றும் நீங்கினார். ஸ்டாலினிய எதிர்ப்பும் பொதுவுடைமை எதிர்ப்பும் ஒன்றல்ல என்பதற்கும், முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் பாதை நீண்டது என்பதற்கும் அவர் வாழ்வு சான்றாகிறது. அதே 1929-இல் அகிலத்தினின்றும் வெளியேற்றப்பட்ட இந்தியர் எம்.என். ராய், பின்னர்த் தீவிர மனிதநேயம் என்னும் வேறொரு தத்துவத்தை வகுத்தார். விலகியோர் அனைவரும் ஓரிடத்தையே சென்றடைவதில்லை என்பதனை இவ்வொப்பீடு உணர்த்தும்.

1956 பிப்ரவரியில் குருஷ்சேவ் ஆற்றிய இரகசிய உரை, சுவாரீன் 1935-இல் எழுதியவற்றுள் பலவற்றை உறுதிப்படுத்தியது. எனினும் அவருடைய நூல் பிரான்சில் 1977-இல்தான் மறுபதிப்புக் கண்டது. 1984 நவம்பர் 1 அன்று பாரிசில் அவர் காலமானார். 1995-இல் பிரான்சுவா ஃபூரே எழுதிய ‘ஒரு மாயையின் கடந்த காலம்’ என்னும் நூலில், பியேர் பஸ்கால், கியோர்கி லூக்காச் ஆகியோருடன் சுவாரீனும் விரிவாக ஆராயப்பட்டார். ஃபூரேயும் இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்து விலகியவரே.

முடிவுரை

சுவாரீனின் மூன்று விலகல்களுக்கும் காரணங்கள் வேறு வேறாயினும், மூலத்தை மறைக்காமை, சொல்லை அதன் பொருளோடு பொருத்திக் காணல் ஆகிய இரண்டும் அவற்றை இணைக்கின்றன. ‘ஸ்டாலின்’ நூல் அரசியல் எதிர்ப்பு நூலாக மட்டுமன்றி, மூலச்சான்று ஒப்பீட்டால் அமைந்த வாழ்க்கை வரலாறு என்னும் நிலையிலும் மதிக்கத்தக்கது. அல்பெர்த்தினியுடனான கூட்டும் பத்தாய் மீதான தாக்கும் அவர் முறையின் எல்லையைக் காட்டுகின்றன. சொல்ஷெனிட்சினுக்கு அவர் எழுதிய மறுப்பு அதன் வலிமையைக் காட்டுகிறது. எதிரியைப் பற்றியும் பொய் கூறலாகாது என்பதனை எண்பதை எட்டிய வயதில் அவர் கடைப்பிடித்தார். கொள்கை விலகியோரின் வாழ்க்கை வரலாறுகளை ஆராய்வோர், எப்போது விலகினார் என்பதோடு நில்லாது, எச்சான்றின் அடிப்படையில் விலகினார் என்பதனையும், விலகிய பின் அச்சான்று நெறியைத் தம் தரப்பினரிடத்தும் கடைப்பிடித்தாரா என்பதனையும் வினவுதல் வேண்டும். சுவாரீனைப் பொறுத்தவரை முதல் வினாவுக்குத் தெளிவான விடை உண்டு. இரண்டாவதற்கு அவர் வாழ்வு தரும் விடை இருவகைப்பட்டதாகவே அமைகிறது.